தாழைக்குடியில் ஒரு வேட்டு

டிசம்பர் 6

பள்ளிக்கூடச் சுவரில் அரசு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நரிப்பொட்டலில் கல் குவாரி வருகிறது. பிப்ரவரியில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

நரிப்பொட்டலுக்கும் எங்கள் கண்மாய்க்கும் நடுவே கொஞ்சம் வயலும் ஒரு வண்டிப்பாதையும்தான். அரசாங்கப் பலகையில் அது பறவைகள் சரணாலயம். எங்களுக்குக் கண்மாய்.

மாலை ஊர்க்கூட்டம். அம்பலம் வெள்ளைக்கண்ணு கூப்பிட்டனுப்பினார். அவர்தான் ஊர்த் தலைவர், எனக்குப் பெரியப்பா முறை.

"ஆத்தா செல்வி, எம்.ஏ. படிச்சிருக்க. மனுவ நீதான் எழுதணும்."

"என்னன்னு எழுத பெரியப்பா?"

"என்னன்னா? இந்த ஊர்ல தீபாவளிக்கு வேட்டு வெடிச்சு எவனும் பாத்ததில்ல. கல்யாணத்துக்கும் இல்ல, சாவுக்கும் இல்ல. எல்லாம் பறவைக்காக. சத்தம் கேட்டா அதுக கூட்ட விட்டுட்டுப் போயிரும். அத எழுது. மிச்சத்த அதிகாரிக புரிஞ்சுக்குவாக."

எழுதினேன். ஒரு பக்கம். 'வெடிச்சத்தம் கேட்டால் பறவைகள் கூட்டை விட்டுப் போய்விடும்' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.

நிற்க வேண்டிய அவசியமில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

டிசம்பர் 10

மேலத்தெருவில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வெளியூர். ஒரு சாக்கு நிறைய வேட்டுடன் வேனிலிருந்து இறங்கினார்கள். பொன்னழகு அயித்தை, அப்பாவின் தங்கை, வேன் கதவிலேயே வழிமறித்துவிட்டாள்.

"சாக்க உள்ள வைங்கப்பு. இங்க வெடிச்சா பொண்ணு கிடையாது."

"இதென்னம்மா ஊரு. கல்யாண வீடா கருமாதி வீடான்னே தெரியல" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

"கருமாதிக்கும் இங்க வேட்டு கிடையாது. ஒருக்கா வந்து படுத்துப் பாருங்க, தெரியும்."

மாப்பிள்ளை வீட்டாரே சிரித்துவிட்டார்கள். பாயசத்தில் முந்திரி அதிகம்.

டிசம்பர் 14

ஒரு ஜீப் வந்தது. குவாரிக் கம்பெனிக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதித் தரும் ஆட்கள். அதில் பிரிட்டோ இருந்தான்.

பல்கலைக்கழகத்தில் அவன் சூழலியல், நான் தத்துவம். மாலையில் ஒரே பேருந்து. அவ்வளவுதான்.

டிசம்பர் 15

ரேஷன் கடை. மாட்டுக்குத் தவிடு. அம்மாவுக்குத் தலைவலித் தைலம்.

நீல சுடிதாருக்கு இஸ்திரி போட்டேன். இஸ்திரி போட்டுக்கொண்டு போகும்படியான வேலை எதுவும் நாளைக்கு இல்லை.

டிசம்பர் 16

பிரிட்டோ வீட்டுக்கு வந்தான். கண்மாயைச் சுற்றிப் பார்க்க வேண்டுமாம், ஊர்க்காரர் யாராவது கூட வந்தால் நல்லது என்றான். அம்மா மோர் கொடுத்தாள். "கூடப் படிச்ச புள்ளையா? போயிக் காட்டிட்டு வா. வெயிலுக்கு முன்ன வந்துரு."

கரை மேல் நடந்தோம். கண்மாய்க்குள் கருவேல மரங்கள் தண்ணீரில் இடுப்பளவு நிற்கின்றன. நத்தைகுத்தி நாரைகள் குச்சி கொண்டுவந்து கூடு கட்டுகின்றன. ஒன்று கொண்டுவந்த குச்சியை இன்னொன்று திருடுகிறது. பிரிட்டோ அதைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கும்போது இன்னும் கழுத்தைத் தடவிக்கொள்கிறான்.

"செல்வி, ஒண்ணு கேக்கவா. சத்தத்துக்கு இதுங்க உண்மையிலேயே போயிடுமா?"

சொன்னேன். பேச்சுவாக்கில்தான்.

போன தை மாதம் ஊரே குலதெய்வத்தைக் கும்பிடப் போயிருந்தது. நான் தேர்வுக்குப் படிக்க மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கரையோரத்து டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. என் காது அடைத்துப்போனது. ஆனால் கூட்டில் இருந்த ஒரு பறவையும் எழவில்லை. குஞ்சுகளின் மேல் இறக்கையை விரித்துக்கொண்டு அப்படியே இருந்தன. குஞ்சு வந்த பிறகு அவை எதற்கும் அசைவதில்லை.

இன்னொன்றும் சொன்னேன். அதற்கு முந்தைய ஐப்பசியில், பறவைகள் வந்திறங்க இடம் பார்த்து வட்டமடித்துக்கொண்டிருந்த நேரம், கரையில் ஒரு வெளியூர் டிராக்டரின் டயர் வெடித்தது; என்னைத் தவிர ஊர்க்காரர் யாரும் அங்கே இல்லை. வந்த கூட்டம் அப்படியே மேலே ஏறி வேறு கண்மாய்க்குப் போய்விட்டது. அந்த வருடம் பாதி மரம் காலி. மழை சரியில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

"ரெண்டும் ஊருக்குத் தெரியுமா?"

"தெரியாது. இங்க வேட்டே வெடிச்சதில்லையே, எப்படித் தெரியும்? யாரும் எங்கிட்ட கேட்டதுமில்ல."

"நான் கேட்டேன்."

"அதான் சொல்றேன்."

அவன் குறிப்பெடுக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அது எனக்குப் பிடித்திருந்தது.

திரும்பும்போது சொன்னான்: "இந்த அறிக்கை நல்லபடியா முடிஞ்சா என்னை நிரந்தரமாக்கிடுவாங்க. அப்புறம் வீட்ல பேசலாம்."

எதைப் பேசலாம் என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

டிசம்பர் 25

பிரிட்டோவுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினேன். ஒரு கேக்கின் படம் வந்தது.

கேக்கைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேக்தான்.

ஜனவரி 5

கம்பெனி மேனேஜர் ஊரைச் சந்திக்க வந்தார். பள்ளிக்கூட வராந்தா. எல்லோருக்கும் டீ, சமோசா. சமோசாவைத் தொடக் கூடாது என்று அம்பலம் கண்ணைக் காட்டினார். பொன்னழகு அயித்தை இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, "கோழிக்கு" என்றாள்.

மேனேஜர் நயமாகப் பேசினார்.

"நான் வாதாட வரல அய்யா. ஒரே ஒரு சோதனை வெடி. போலீஸ், வனத்துறை அனுமதி எல்லாம் நாங்க வாங்கிடறோம். தேதிய நீங்களே குறிங்க, ஆனா கருத்துக் கேட்புக்கு முன்னாடி. உங்க பறவை போயிடுச்சுன்னா நாங்களும் போயிடறோம். எழுதியே தர்றோம். போகலைன்னா, அதையும் நீங்க ஒத்துக்கணும்."

அம்பலம் சிரித்தார்.

"வேட்டுன்னா என்னன்னே அறியாத சீவன்யா எங்க பறவைக. ஒரு வேட்டு. அம்புட்டுத்தான். நீங்க டவுனுக்குப் போயிச் சேர்றதுக்குள்ள கண்மாய் காலி."

நாள் குறிக்கும்போது அப்பா எழுந்தார். அப்பா சாத்தையா, கூட்டத்தில் பேசுகிறவர் அல்ல.

"தை நடுவுல வைங்க. அப்பத்தான் கண்மாய் நெறஞ்சு கெடக்கும். மரமே தெரியாது, வெள்ளையாத்தான் இருக்கும். அம்புட்டும் ஒண்ணா எந்திரிச்சா வானம் மறைஞ்சு போகும். பாக்குற அதிகாரி அசந்துருவாரு."

கைதட்டினார்கள். அப்பாவுக்குக் கைதட்டி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. உட்கார்ந்த பிறகும் அவர் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மேனேஜருக்குப் பக்கத்தில் பிரிட்டோ. தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கூட்டக் குறிப்பு எழுதினேன். சோதனை வெடி: ஜனவரி 27, காலை. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருப்பதாக அம்பலம் எல்லோரிடமும் காட்டினார்.

ஜனவரி 6

சோதனை வெடி யோசனை மேனேஜருக்குத் தானாகவே தோன்றியிருக்கலாம்.

ஜனவரி 7

"கோபமா?" என்று பிரிட்டோ செய்தி அனுப்பியிருக்கிறான்.

கோபம் என்றால் எதற்கு என்று அவன் கேட்பான். மேனேஜரிடம் சொன்னாயா என்று நான் கேட்டால் அவன் சொல்ல வேண்டியிருக்கும். அவன் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

"இல்லை" என்று அனுப்பினேன்.

ஜனவரி 9

பேசாமல் இருப்பதும் ஒரு செயல் என்று வகுப்பில் ஒரு பருவம் முழுக்க விவாதித்தோம். நான்தான் அதிகம் பேசினேன்.

மாடு சினை. கால்நடை மருத்துவர் வந்து உறுதி செய்தார்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். அப்பா கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, குஞ்சு இருக்கப்ப பறவைக அவ்வளவு லேசுல எந்திரிக்காதாம்."

"யாரு சொன்னது?"

"எங்கயோ படிச்சேன்."

"அந்தப் புஸ்தகத்துல நம்ம கண்மாய் இருக்கா?"

"இல்ல."

"பெறகென்ன. மாட்டப் பிடி, தலைய ஆட்டுது."

"ஐப்பசியில வச்சிருந்தா…"

"ஐப்பசிக்குள்ள குவாரிக்காரன் வந்து உக்காந்துருவான் ஆத்தா. நாளக் குறிச்சது நானு. இப்ப நானே போயி மாத்தச் சொல்லவா? ஊரு சிரிக்கும்."

அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் ஜனவரி ஐந்திலிருந்து இருக்கிறது. தூங்கும்போதுகூட இருப்பதாக அம்மா சொல்கிறாள்.

'நான் பார்த்தேன்' என்று சொல்லியிருக்கலாம். 'படித்தேன்' என்று சொன்னேன். பார்த்தேன் என்றால், வேறு யாரிடம் சொன்னாய் என்று அடுத்த கேள்வி வரும்.

வராமலும் இருக்கலாம்.

ஜனவரி 22

கரைக்குப் போனேன். எல்லாக் கூட்டிலும் குஞ்சுகள்.

ஜனவரி 25

பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வரப் போகிறார்களாம். பெட்டிக்கடைக்காரர் கூடுதலாக சர்பத் பாட்டில் இறக்கியிருக்கிறார். அம்பலம் வெள்ளை வேட்டியைக் கஞ்சி போட்டுக் காயவைத்திருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகளை விரித்துக்கொண்டு பறவை எழுவது மாதிரி ஓடிப் பழகுகிறார்கள்.

பிரிட்டோவுக்கு அனுப்பினேன்: "ஐப்பசி விஷயத்தையும் அறிக்கையில் எழுதியிருக்கிறாயா?"

பார்த்துவிட்டான். பதில் இல்லை.

ஜனவரி 27

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கரை முழுக்கக் கூட்டம். ஒரு பக்கம் எங்கள் ஊர். ஒரு பக்கம் வெளியூர். நடுவில் போலீஸ், வனத்துறை, மேனேஜர், வீடியோ எடுக்கிற இரண்டு பேர், பிரிட்டோ. எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். கைக்குழந்தை அழுதபோது அதன் தாய் வாயைப் பொத்தினாள். பறவைகளுக்குத் தொந்தரவாம்.

வனத்துறைக்காரர் கொடியை அசைத்தார்.

வெடித்தது. காலுக்குக் கீழே கரை ஒருமுறை உதறியது. பொட்டலில் புழுதி எழும்பியது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் வீறிட்டு அழுதார்கள். வேட்டுச் சத்தத்தை இவ்வளவு பக்கத்தில் அவர்கள் கேட்டதே இல்லை.

தண்ணீரிலிருந்து நீர்க்காகங்களும் சில தாராக்களும் எழுந்தன. ஒரு சுற்றுச் சுற்றின. மறுபடியும் தண்ணீரில் இறங்கின.

மரங்கள் வெள்ளையாகவே இருந்தன.

நத்தைகுத்திகள், அரிவாள்மூக்கன்கள், கூழைக்கடாக்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் தாழ்ந்து, இறக்கையை விரித்து, அப்படியே. ஒன்று தன் குஞ்சுக்கு இரை ஊட்டத் தொடங்கியது. வீடியோக்காரர் அதைத் தேடிப் பிடித்து எடுத்தார்.

காத்திருந்தோம். இனி எழும் என்பது போல எல்லோரும் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வானம் வெறுமையாக இருந்தது.

வெளியூர்க் கூட்டத்தில் ஒருவன் சொன்னான்: "இதுக்காகவாடா இம்புட்டு வருசமா வேட்டு இல்லாம பொணத்தத் தூக்குனீங்க."

சிரிப்பு. முதலில் ஒன்றிரண்டு. பிறகு நிறைய.

அம்பலம் துண்டால் வாயை மூடிக்கொண்டார். பொன்னழகு அயித்தைகூட அவனுக்குப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாரிடமும் இல்லாமல் பேசினாள்: "எங்கப்பன் செத்தப்ப ஒத்தக் கொட்டுச் சத்தத்தோட கொண்டுபோனோம். பெரிய மனுசன். பத்தூரு சனம் வந்துச்சு. நாங்கதான் வேணாம்னோம்."

அப்பா எங்கே என்று தேடினேன். கரையிலிருந்து இறங்கி வயல் வழியாகத் தனியாகப் போய்க்கொண்டிருந்தார்.

ஜனவரி 28

சாயங்காலம் ஆறேழு இளவட்டங்கள் சிவகங்கை போய் வேட்டு வாங்கிவந்து கரையிலேயே வெடித்தார்கள். சரம், அணுகுண்டு, ராக்கெட். யாரும் தடுக்கவில்லை. தெருவில் பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சரம் நின்றதும் ஒருவன் கண்மாயைப் பார்த்துக் கத்தினான். "போங்களேன். போய்த் தொலைங்களேன்."

அவை போகவில்லை.

பிப்ரவரி 2

அம்பலம் மனுவை எடுத்துக்கொண்டு வந்தார். கண்கள் உள்ளே போயிருக்கின்றன.

"ஆத்தா, சத்தம் கேட்டா பறவை போயிரும்னு ஒரு வரி இருக்கே. அத எடுத்துரு."

"அத எடுத்தா மிச்சம் என்ன இருக்கு பெரியப்பா?"

"நாங்க வேட்டு வெடிக்கலைங்கிறது இருக்குல்ல. அது போதும்."

"ஏன் வெடிக்கலைன்னு கேப்பாங்க."

அம்மா கொண்டுவந்த டீ ஆறி ஆடை படிந்தது.

"தெரியலன்னு எழுது" என்றார்.

வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை கையெழுத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 4

பேச வேண்டும் என்று பிரிட்டோவுக்கு அழைத்தேன். எடுத்தான்.

"செல்வி, நீதான் சொன்னேன்னு யாருக்கும் தெரியாது. தெரியவும் வேணாம். நல்லதுதானே?"

"ஐப்பசி?"

"அது ஒரே ஒரு தடவை நடந்தது. தரவு ஆகாது."

"தையும் ஒரே ஒரு தடவைதான பிரிட்டோ."

பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்றான். குரல் அன்பாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 6

கருத்துக் கேட்பு. டவுனில் ஒரு கல்யாண மண்டபம். இரண்டு டிராக்டரிலும் ஒரு மினி பஸ்ஸிலும் போனோம். யாரும் கோஷம் போடவில்லை.

மேடையில் ஒரு பெண் அதிகாரி, கண்ணாடி போட்டவர். அவருக்கு வலப்பக்கம் மேனேஜர், பிரிட்டோ. திரையில் அந்த வீடியோவைப் போட்டார்கள். புழுதி, சத்தம், வெள்ளை மரங்கள். குஞ்சுக்கு இரை ஊட்டும் நத்தைகுத்தி பெரிதாகத் தெரிந்தது. பிரிட்டோ விளக்கினான். சரணாலயப் பறவைகள் அதிர்வுக்குப் பழகிவிடும் தன்மை கொண்டவை என்று சோதனையில் நிரூபணமாகியிருப்பதாகச் சொன்னான்.

அம்பலம் மனுவை வாசித்தார். தெரியாது என்ற இடத்தில் குரல் இறங்கியது. பின்வரிசையில் யாரோ செருமினார்கள்.

வேறு யாராவது பேசுகிறீர்களா என்று அதிகாரி கேட்டார். மண்டபத்தில் மின்விசிறிகளின் சத்தம். அவர் பேனாவை மூடப் போனார்.

எழுந்து போனேன். மைக் என் உயரத்துக்கு இல்லை. ஒருவர் வந்து இறக்கிவிட்டார்.

பெயர் பாண்டிச்செல்வி, தாழைக்குடி என்றேன். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்ததைச் சொன்னேன். டயர் வெடித்ததைச் சொன்னேன். குஞ்சு இருப்பதால்தான் போகவில்லை, போக முடியாததால் இருந்தன, அதைப் பழக்கம் என்று சொல்வது தப்பு என்றேன். ஐப்பசியில் வந்திறங்கும்போது வெடித்தால் இறங்கவே மாட்டா என்றேன்.

மேனேஜர் சிரித்தபடி மைக்கை எடுத்தார். "இதையெல்லாம் ஏம்மா சோதனைக்கு முன்னாடி சொல்லல? தோத்த பிறகு ஞாபகம் வருதா?"

"முன்னாடியே சொன்னேன். இவருகிட்ட." பிரிட்டோவைக் காட்டினேன். "ரெண்டையும் சொன்னேன். ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டாரு."

பின்னால் ஊர் அசைந்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி பிரிட்டோவிடம் கேட்டார். "சொன்னாங்களா?"

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "களப்பணியில பல பேர்கிட்ட பேசுவோம் மேடம். இவங்க குறிப்பா என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இல்ல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கோபமாக இல்லை, களைப்பாகக் கேட்டார்:

"ஏம்மா, நீங்க சொல்றத நான் எப்படி நம்பறது? கம்பெனி ஆளுகிட்ட சொல்லியிருக்கீங்க, சொந்த ஊருக்குச் சொல்லல. நாள் குறிச்ச கூட்டத்துல இருந்திருக்கீங்க, வாயத் திறக்கல. ஏன்?"

இந்த நோட்டில் நான் எழுதாத வாக்கியம் மைக்கில் வந்தது.

"இவரக் கட்டிக்கணும்னு இருந்தேன். வேலை நிரந்தரம் ஆனா வீட்ல பேசலாம்னு சொன்னாரு. அந்தக் கூட்டத்துல நான் பேசியிருந்தா அவரு வேலை போயிருக்கும். அதான் பேசல."

மூன்றாவது வரிசையில் அப்பா உட்கார்ந்திருந்தார். அது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பது ஒன்றுதான் அப்போது என் வேலை.

மேனேஜர் அவசரமாகச் சொன்னார்: "மேடம், இது சொந்த விவகாரம். பதிவு பண்ண வேணாம்."

அதிகாரியின் பேனா நின்றது. பிரிட்டோ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதாவது ஞாபகம் இருக்கிறது என்று சொல்வான் என நினைத்தேன். மைக் அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அம்பலம் எழுந்தார். மைக் இல்லை. அவருக்குத் தேவையுமில்லை.

"அம்மா, அத எழுதுங்க. பொய் சொல்ல வந்தவ டயர் கதையோட நிறுத்தியிருப்பா. பெத்த தகப்பன் உக்காந்திருக்க, ஊரு உக்காந்திருக்க, எந்தப் பொட்டப்புள்ளையும் இப்படி ஒரு பொய்யச் சொல்ல மாட்டா. எங்களுக்கு இது பெரிய அசிங்கம். ஆனா நெசம். எழுதுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எழுதினார். நிறைய எழுதினார்.

ஐப்பசியில் பறவைகள் வரும் நேரத்தில் அரசே வேறு ஆட்களை வைத்து ஆய்வு செய்ய வேண்டும், அதுவரை அனுமதி தரக் கூடாது என்று பரிந்துரைப்பதாகச் சொன்னார். "ஆய்வுக்கு வர்றவங்ககிட்ட இந்தப் பொண்ணும் நேர்ல சொல்லணும். பரிந்துரைதான். முடிவு எடுக்கிறது மேல இருக்கிறவங்க."

யாரும் கைதட்டவில்லை.

மினி பஸ்ஸில் ஏறியபோது யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. இறங்கு என்றும் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.

பிப்ரவரி 7

காலையில் அப்பாவுக்கு நீராகாரம் வைத்தேன். எழுந்து போய்விட்டார். பிறகு அம்மா வைத்தாள். குடித்தார்.

பிப்ரவரி 8

அம்மா கேட்டாள்: "மோர் குடிச்சிட்டுப் போனானே, அவனா?"

"அவன்தான்."

"நல்லாத்தான இருந்தான்" என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதனால் எதையும் முடிவு செய்ய முடியவில்லை.

பிப்ரவரி 9

ஊர்க்கூட்டம். வேட்டு வெடித்த பையன்கள் அய்யனார் கோயிலில் விழுந்து கும்பிட்டு, இனி வெடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். திருநீறு பூசி அனுப்பினார்களாம். ஊர்க்காரர்கள் சிலருக்குக் கண் கலங்கியதாம்.

என்னைக் கூப்பிடவில்லை. அம்பலத்திடம் ஒருவர் கேட்டிருக்கிறார், சாத்தையா மகளுக்கு என்ன என்று. அவர் சொன்னதை அயித்தை வந்து அம்மாவிடம் அப்படியே சொன்னாள்: "ஊரக் காட்டிக் குடுத்ததும் அவதான், மீட்டதும் அவதான். இதுக்கு என்ன செய்யுறதுன்னு நம்மகிட்ட வழக்கம் இல்லப்பா."

பிப்ரவரி 10

பிரிட்டோவின் எண்ணை அழித்தேன். எண் மனப்பாடமாக இருக்கிறது. அதை அழிக்க வழி தெரியவில்லை.

பிப்ரவரி 11

அயித்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டாள். அப்பா வட்டிலுக்கு முன் உட்கார்ந்திருந்தார். கெண்டைக் குழம்பு. நான் அடுப்பங்கரைக் கதவோரம் நின்றேன்.

"அண்ணே, திருப்பூர்ல ஒரு பையன் இருக்கான். பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரு. தண்ணி பழக்கம் கிடையாது. விசயத்தச் சொல்லிட்டேன், அவன் பெருசா எடுத்துக்கல. வைகாசிக்குள்ள முடிச்சு அனுப்பிருவோம். ஊரு ரெண்டு வருசத்துல மறந்துரும்."

அப்பா மீனிலிருந்து முள்ளை எடுத்தார்.

"ஐப்பசில அதிகாரிக வருவாக."

"வரட்டும்."

"இவ இங்க இருக்கணும்."

"ஏன், இவ கையத் தட்டுனாத்தான் பறவை எந்திரிக்குமாக்கும்?"

"இவ சொல்றத எழுதத்தான் வாராக. அந்தம்மா சொல்லுச்சுல்ல."

"திருப்பூர்ல இருந்து பஸ்சே கிடையாதா அண்ணே? சொல்லிட்டுப் போகட்டும்."

"கட்டிக் குடுத்த பெறகு அவன் அனுப்பணும்ல. அனுப்பலைன்னா?"

அயித்தை விடவில்லை. "சரி, ஐப்பசி முடிஞ்சு?"

அப்பா முள்ளை வட்டிலின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அயித்தை என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், முந்தானையை உதறிக்கொண்டு, "பட்டப்படிப்பு படிக்க வச்சா இதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகளை வீட்டில் வைத்துக்கொள்கிறாரா, சாட்சியை வைத்துக்கொள்கிறாரா. அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டுக்கும் அங்கே ஒரே முகம்தான் இருந்தது.

அம்மா இன்னொரு வட்டிலை அவருக்கு எதிரே வைத்தாள். வேண்டுமென்றேதான் அங்கே வைத்தாள்.

போய் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்தேன்.

அவர் எழுந்து போகவில்லை.